மாரியாத்தாள் பிழிந்த திராட்சை ரசம்

ஒண்டிப்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே நடந்தால் ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கிறிஸ்தவக் கோவில் ஒன்று வரும். வேதக்காரக் கோவில் என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும். சபை என்று எண்ணினால் மொத்தம் முப்பத்திரண்டு குடும்பம். ஆனால் அதற்குள் இல்லாத தினுசு இல்லை. மில் வேலைக்கென்று திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள், பாலக்காட்டு நர்சுகள், போத்தனூர் ரயில்வேயில் ஓய்வுபெற்று இங்கே ஆர்மோனியம் வாசிக்கிற ஓர் ஆங்கிலோ இந்தியர், வீட்டுக்குள் தெலுங்கு பேசும் அருந்ததியர் காலனிக்காரர்கள் என்று எல்லாரும் உண்டு. பாட்டு ஆரம்பித்தால் நாலு விதமான உச்சரிப்பு கேட்கும். சண்டை ஆரம்பித்தாலும் அப்படித்தான்.

இந்தச் சபைக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. அது நல்ல பேரா கெட்ட பேரா என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. “அந்த மாரியாத்தா புழியற ரசத்தக் குடிக்கிற சபைதானே?” என்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே நற்கருணை. எல்லாரும் வரிசையாக முழங்கால் போட்டு, ஒரு துண்டு அப்பம் தின்று, ஒரே வெள்ளிக் கிண்ணத்திலிருந்து ஆளுக்கு ஒரு மிடறு திராட்சை ரசம் குடிக்க வேண்டும். மற்ற கோவில்களில் ரசம் பாட்டிலில் வரும். இங்கே அதைக் கையால் பிழிந்து கொண்டுவருவார்கள். அந்தக் கை, ஆஸ்பத்திரி ஒன்றில் தரை கழுவிப் பிழைத்த மாரியாத்தாளின் கை. காலனிக்காரி. அவள் மோந்து கொடுத்தால் தண்ணீர் குடிக்க யோசிக்கிற வீடுகள் அந்த மில் ரோட்டில் அன்றைக்கும் ஏராளம், இன்றைக்கும் குறைந்துவிடவில்லை.

எப்படி இந்த வேலை அவளிடம் வந்தது என்று கேட்கிறீர்களா? எண்பதாம் வருஷம். அப்போதிருந்த வயசான போதகரின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். அதுவரை ரசம் பிழிந்தது அந்த அம்மாள்தான். முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாக்கு. போதகர் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து மாரியாத்தாளின் முன்னால் நின்றார்.

“ஊர்க் கெணத்துல தண்ணி சேந்த உடாத கைங்கய்யா இது,” என்றாள் அவள், கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு.

“அதனாலதாம்மா உன்னயக் கேக்கறேன்,” என்றார் அவர்.

அந்த மாதமே இரண்டு குடும்பங்கள் வேறு கோவில் பார்த்துக்கொண்டு போய்விட்டன. போனால் போகட்டும். மீதிப் பேர் முழங்கால் போட்டார்கள், குடித்தார்கள். முகம் சுளித்தவர்களும் இரண்டாம் மாதம் சுளிக்கவில்லை. அப்படியே பதினாறு வருஷம் ஓடிப்போயிற்று.

அவளுக்கு வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள். பிள்ளை இல்லை. கட்டினவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கென்று போனவன், அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவளை “ஏ ஆயா” என்று கூப்பிடுவார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் உலகத்தில் அந்த ஓட்டுக்கூரை ஒன்றுதான்.

முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை உக்கடம் மார்க்கெட்டுக்குப் போவாள். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பன்னீர்த் திராட்சை கூடை கூடையாக வந்து இறங்கியிருக்கும். ஒவ்வொரு கொத்தாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து வாங்குவாள். கடைக்காரர் சஹீர் பாய், “அக்கா, பொண்ணு பாக்கற மாதிரில்ல பாக்கறீங்க!” என்று கேலி செய்வார். சனிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பழத்தை உப்புத் தண்ணீரில் அலசி, காம்பு கிள்ளி, ஈயம் பூசின பித்தளைப் பாத்திரத்தில் வேகவைத்து, ஆறினதும் கையால் மசித்து, வெள்ளை மல் துணியில் வடிகட்டுவாள். நெஞ்சு கொஞ்சம் கரிக்கிற மாதிரி ஒரே ஒரு கிராம்பைத் தட்டிப் போடுவாள். அந்தக் கிராம்பு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நகக்கண்ணெல்லாம் ஊதாவாகி மூன்று நாளைக்குப் போகாது. போகக் கூடாது என்றுதான் அவளும் சோப்பை அழுத்தித் தேய்க்க மாட்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கறைதான் அவள் போட்டுக்கொண்ட ஒரே நகை.

தொண்ணூற்றைந்தில் பழனாத்தாள் வந்து சேர்ந்தாள். சேவூர்ப் பக்கம் தோட்டங்காடு உள்ள கவுண்டர் வீட்டுப் பெண். மகள் பிரவீனாவுக்கு மூளைக்காய்ச்சல் கண்டு, மாரியாத்தாள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடத்தியிருந்தார்கள். டாக்டர்கள் கைவிரித்த ஒரு நாள் மத்தியானம், வராந்தாவில் சுவரில் சாய்ந்து மயங்கப்போனவளை மாரியாத்தாள்தான் தாங்கிப் பிடித்தாள். சுற்றுமுற்றும் யாரும் இல்லை. தன் தூக்குப்போசித் தண்ணீரை நீட்டிவிட்டு, நீட்டின பிறகுதான் யாருக்கு நீட்டுகிறோம் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பழனாத்தாள் வெடுக்கென்று பிடுங்கி மடக்மடக்கென்று குடித்தாள். குடித்துவிட்டு, “எம்புள்ளைக்காக உங்க சாமிகிட்டச் சொல்லுங்கக்கா,” என்று அழுதாள்.

அக்கா! ஒரு கவுண்டர் வீட்டு அம்மிணி தன்னை அக்கா என்று கூப்பிட்டதில் மாரியாத்தாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து, அழுகை வந்ததும் தன்னை அறியாமல் தெலுங்குக்கு மாறி, ஜெபம் பண்ணினாள். பிரவீனா பிழைத்தாள். அதற்குப் பிறகு பழனாத்தாள் மாதத்தில் ஒரு ஞாயிறாவது பஸ் மாறி மாறி ஒண்டிப்புதூருக்கு வந்துவிடுவாள். கடைசி பெஞ்சில் மாரியாத்தாளின் பக்கத்தில்தான் உட்காருவாள். நற்கருணை நேரத்தில் ஞானஸ்நானம் வாங்காதவர்கள் எழுந்து முன்னால் போய்க் குடிக்கக் கூடாது. உட்கார்ந்தபடியே எக்கி எக்கிப் பார்ப்பாள். “எப்பத்தானுங்கக்கா நானும் உங்க கை ரசத்தக் குடிக்கறது?” என்று காதோரம் கேட்பாள்.

தொண்ணூற்றாறு ஆகஸ்டில், ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவளே போதகரிடம் சொன்னாள். அப்போது இருந்தவர் மனாசே ஐயா. தாராபுரத்துக்காரர், முப்பத்தைந்து வயசு, ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷர். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், “ஊட்டுக்காரரு, பங்காளிங்க எல்லாத்தையும் கூட்டீட்டு வாங்கம்மா!” என்றார். பழனாத்தாளும் சிரித்தபடி, “ஆகட்டுங்கய்யா, அல்லாரையும் கூட்டீட்டு வாரனுங்க,” என்றாள்.

இங்கேதான் வந்தது வினை. எங்கள் கொங்கு மண்ணில் எதிரே நிற்கிறவர் முகம் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், போகவே போவதில்லை என்றாலும், “வாரனுங்க” என்போம். அது வாக்கு அல்ல, மரியாதை. கூப்பிட்டவரும் அதை நம்பி இலை போட மாட்டார். இது மாரியாத்தாளுக்குத் தெரியும். தாராபுரத்து மனாசே ஐயாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஆனால் சபைச் செயலாளர் அருமைநாயகம் நாசரேத்துப் பக்கத்து ஆள். மில்லில் டைம் கீப்பர். அவர் ஊரில் வருகிறேன் என்றால் வருவார்கள், வராவிட்டால் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அவர் பழனாத்தாள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

“ஐயா, ஆறு பங்காளி வீடு. கொறஞ்சது நாப்பது பேரு வாறாக,” என்று கமிட்டியில் சொன்னார். “பதினாறு வருசமா நம்ம சபை முப்பத்திரண்டுலயே நிக்கி. இப்ப கதவு தெறக்கி. அந்த நாப்பது பேருல ஒருத்தரு, இத யாரு புழிஞ்சதுன்னு கேட்டாகன்னா என்ன செய்ய?”

பதினாறு வருஷமாக அதே ரசத்தைக் குடித்த வாய்கள் அத்தனையும் கம்மென்று இருந்தன.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மனாசே ஐயா அவளை அங்கி மாற்றும் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

“மாரியாத்தாளம்மா, எப்படிக் கேக்கறதுன்னே தெரியலீங்க.”

“சும்மா கேளுங்கய்யா.”

“பழனாத்தாளம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க, அவங்க தங்கமானவங்க. பங்காளிங்க மொதமொதல்ல வர்றாங்க. ரசத்தப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லி, அவங்க எந்திரிச்சுப் போயிட்டா, பழனாத்தாளம்மாவயும் இழுத்துட்டுப் போயிருவாங்க. அந்த ஆத்துமாவ நீங்கதானே கூட்டீட்டு வந்தீங்க? அவங்களுக்காகத்தான். கொஞ்ச நாளைக்குப் பாட்டில் வாங்கிக்கலாமுங்க. உங்களுக்கும் ஓய்வு எடுத்தாப்பல ஆச்சு.”

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. பாவி மனுஷன், கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பாள்.

“ஐயா, அவங்க வாரன்னு சொன்னது...” என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள். பங்காளிகள் வரமாட்டார்கள், அது மரியாதைக்குச் சொன்ன பேச்சு என்று சொல்லலாம். ஆனால் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டால்? ஒருவேளை உண்மையாகவே வந்து, தன்னால் பழனாத்தாளின் ஞானஸ்நானம் கெட்டுப்போனால்? நெஞ்சுக்குள், ‘வேண்டாமுங்கய்யா, எனக்கு இருக்கறது அது ஒண்ணுதானுங்க’ என்று கதறியது. வாயில் வந்தது வேறு.

“செரிங்கய்யா,” என்றாள்.

அடி பைத்தியக்காரி! வேண்டாம் என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே, எங்கிருந்து வரும்.

செப்டம்பர் முதல் ஞாயிறு. ஆராதனைக்கு முன்னாலேயே அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பதினாறு வருஷ ஊழியத்தைப் பாராட்டி அருமைநாயகம் பேசினார். உண்மையிலேயே மனசாரத்தான் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள், காலனிக்காரர்களும் தட்டினார்கள். பெரிய மரியாதை என்று அவர்களுக்குப் பெருமை. மாரியாத்தாளும் கூட்டத்தோடு சேர்ந்து தட்டினாள். தட்டும்போது குனிந்து பார்த்தாள், நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

முன்னால் நாலு பெஞ்சுக்கு வெள்ளைத் துணி விரித்துக் காலியாக வைத்திருந்தார்கள். பின்னால் முப்பது நாற்காலி வாடகைக்கு வந்திருந்தது. ஒன்பது மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது ஒன்பதரை ஆயிற்று. பத்தும் ஆயிற்று. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் சபை முழுக்கத் தலையைத் திருப்பியது. பத்தேகாலுக்குப் பழனாத்தாள் வந்தாள். தன்னந்தனியாக. கையில் ஒரு மஞ்சப்பை மட்டும் இருந்தது.

“அவுக எல்லாம்?” என்று வாசலிலேயே கேட்டார் அருமைநாயகம்.

“ஆருங்க?” என்றாள் அவள். பிறகு புரிந்து, “அவங்களுக்கெல்லாம் காட்டுல வேலைங்க. இன்னொரு நாளைக்கு வருவாங்க,” என்று சிரித்தாள்.

அருமைநாயகம் போய் அந்த நாலு பெஞ்சுத் துணியை மடித்தார். கடைசி பெஞ்சிலிருந்து மாரியாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயாவின் கண்ணும் அவள் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. மேஜைமேல் வெள்ளிக் கிண்ணம் தயாராக இருந்தது, அதற்குள் கடைப் பாட்டில் ரசம். இனி என்ன செய்ய முடியும்?

ஞானஸ்நானம் ஆயிற்று. அந்தச் சபையில் பெரியவர்களுக்கு அன்றைக்கே நற்கருணையும் கொடுத்துவிடுவது வழக்கம். பழனாத்தாள் மாரியாத்தாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே முழங்கால் போட்டாள். கிண்ணம் பழனாத்தாளிடம் வந்தது, குடித்தாள். அடுத்து மாரியாத்தாளிடம். வாயில் பட்டதும் தெரிந்தது, சர்க்கரைத் தண்ணீர் மாதிரி நாக்கிலேயே நின்றுவிட்டது. கிராம்பு இல்லை.

எழுந்திருக்கும்போது பழனாத்தாள் முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாக அவள் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, உங்க கை ருசியே ருசிங்க! இதுக்குத்தானுங்க ஒரு வருசமா ஏங்கிக்கெடந்தேன்.”

கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனாசே ஐயாவின் கை நின்றுவிட்டது. மாரியாத்தாள் அவரைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னால் இந்தப் பெண் இந்த வாசலை மறுபடி மிதிக்க மாட்டாள். உன் பேரைச் சொல்லித்தான் என் வேலையை வாங்கிக்கொண்டார்கள் என்று, இன்றைக்குத்தான் சாமியைச் சேர்ந்தவளிடம் எப்படிச் சொல்வது? ஐயாவின் கண் அவளைக் கெஞ்சியது.

“ஆமாங்கம்மிணி,” என்றாள் மாரியாத்தாள். “நாந்தானுங்க புழிஞ்சேன்.”

பலிபீடத்துக்கு முன்னால், வாயில் அந்தத் தித்திப்பு இன்னும் இருக்க, அவள் சொன்ன முதல் பொய் அது.

வெளியே வந்ததும் பழனாத்தாள் மஞ்சப்பையை நீட்டினாள். உள்ளே இரண்டு கிலோ பன்னீர்த் திராட்சை. “உங்குளுக்குப் புடிக்குமேன்னு அவிநாசியில எறங்கி வாங்கியாந்தனுங்க,” என்றாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்திரத்தைக்கூட எடுத்து வைத்தாள் மாரியாத்தாள். யாருக்குப் பிழிவது? காலனிக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள்.

நடந்ததுதான் நடந்தது, பங்காளிகள்தான் வரவில்லையே, வேலையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் அல்லவா? அடுத்த மாதம் அவளே போய், “பழம் வாங்கட்டுங்களா?” என்று செயலாளரிடம் கேட்டாள். “அரை பாட்டிலு அப்படியே கெடக்கும்மா. ஒமக்குதான் ஓய்வு கொடுத்தாச்சே, பேசாம இரும்,” என்றார் அவர் அன்பாக. பொன்னாடை போர்த்தினவளிடம் மறுபடி வேலை வாங்குவது அவருக்கு அநியாயமாகப் பட்டது. அதோடு பாட்டில் சௌகரியமாகவும் இருந்தது.

நற்கருணைக்கு முன்னால் ஒரு வாசகம் உண்டு. பொய்யையோ பகையையோ மனசில் வைத்துக்கொண்டு இந்தப் பந்திக்கு வராதீர்கள் என்று போதகர் எச்சரிக்கை செய்வார். பதினாறு வருஷம் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி எழுந்து போனவள்தான் அவள். அந்த அக்டோபரில் அது அவளுக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. எழுந்திருக்கவில்லை. நவம்பரிலும் இல்லை. பொய்யை ஒத்துக்கொண்டால் பழனாத்தாளை இழக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் கிண்ணத்தைத் தொட முடியாது. அவள் கிண்ணத்தை விட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் பிழிந்து ஊற்றினவள், மற்றவர்கள் குடிப்பதைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூட்டுவலி என்று சபை முடிவு பண்ணிவிட்டது. அருமைநாயகம் தன் வீட்டிலிருந்து மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். தொண்ணூற்றேழு மே மாதம் மனாசே ஐயாவுக்கு மாற்றல் வந்தது. போகிறதற்கு முன்னால் காலனிக்கு வந்து, “என்னை மன்னிச்சிருங்கம்மா” என்று வாசலில் நின்று அழுதார். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா, போயிட்டு வாங்க,” என்று மாரியாத்தாள் அனுப்பிவைத்தாள். அவரும் அதை நம்பிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் முதல் ஞாயிறு, நற்கருணை முடிந்து பழனாத்தாள் கடைசி பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். “ஏனுங்கக்கா, நீங்க வாரதே இல்லியே, நெசமாலுமே காலு அவ்வளவு மோசமுங்களா?” என்று கேட்டாள்.

“முழங்காலுங்கம்மிணி. முட்டி போட முடியறதில்லீங்க.”

பழனாத்தாள் மஞ்சப்பையிலிருந்து ஒரு தைலப் பாட்டிலை எடுத்தாள். மாரியாத்தாள் தடுப்பதற்குள் சபை நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு ஒதுக்கித் தேய்க்க ஆரம்பித்தாள். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அருமைநாயகம் காணிக்கைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். எந்த ஒன்று நடக்கவே நடக்காது என்று எண்ணி அவள் கையிலிருந்த வேலையைப் பிடுங்கினார்களோ, அது அத்தனை பேர் கண் முன்னாலும் நடந்துகொண்டிருந்தது. மாரியாத்தாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“ரொம்ப வலிக்குதுங்களாக்கா?” என்று நிமிர்ந்து கேட்டாள் பழனாத்தாள்.

“ஆமாங்கம்மிணி,” என்றாள் மாரியாத்தாள்.

அந்த முழங்காலில் ஒரு வலியும் இல்லை.